விலகிப் போனவரும் நம்மவரே



2003-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாலோமர் வானாய்வகத்திலிருந்து செட்னா என்னும் பனிக்கோளைக் கண்டுபிடித்தார்கள். அது சூரியனை ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 11,000 ஆண்டுகள் ஆகின்றன. பூமி சூரியனிலிருந்து இருக்கும் தொலைவைப்போல் 76 மடங்கு வரைதான் அது நெருங்கி வரும். விலகினால் 900 மடங்குக்கும் மேல் போய்விடும். அங்கே சூரியனின் ஈர்ப்பு, இங்கிருப்பதில் எட்டு லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனாலும் அந்த ஈர்ப்பு அதை விடுவதில்லை. போகப் போக செட்னாவின் வேகம் தளர்கிறது, பிறகு திரும்புகிறது. 2076 வாக்கில் சூரியனுக்கு மிக அருகே வரும். தன் பாதையின் பெரும்பகுதியில் அது நம் தொலைநோக்கிகளுக்குத் தெரியாது. அப்போதும் அது சூரியக் குடும்பத்தைச் சேர்ந்ததே.

நம் வீடுகளிலும் விலகிப் போனவர்கள் உண்டு: கோபித்துக்கொண்டு போன மகன், பல ஆண்டுகளாகப் பேசாத தங்கை, ஆலயப் படியேறாத நண்பர். கண்ணில் படாததால், "இனி அவர் நமக்கில்லை" என்று நாம் கணக்கை முடித்துவிடுகிறோம். இறைவன் முடிப்பதில்லை. சூரியன் விடாததால்தான் செட்னா திரும்புகிறது. அப்படி விலகியிருக்கும் ஒருவரை இந்த வாரம் நாமே முதலில் அழைத்துப் பேசுவோம். ஆமென்.