கடிகாரத்தில் பிறந்த உளவியல்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



செயலாளர் எனக்கு இருபது நிமிடம் ஒதுக்கியிருக்கிறார். "சார், உங்க சப்ஜெக்ட்லயே ஏதாவது பேசுங்க, ஆனா பாடம் நடத்திடாதீங்க" என்று ஒரு எச்சரிக்கையும் சேர்த்துக் கொடுத்தார். முப்பது வருஷம் உளவியல் வகுப்பு எடுத்தவனிடம் போய் இப்படிச் சொன்னால் எப்படி? சரி, கதை சொல்கிறேன். நடந்த கதை.

உளவியல் படிக்கிறேன் என்று சொன்னால் நம் ஊரில் இரண்டு கேள்வி வரும். "நான் இப்ப என்ன நினைக்கிறேன், சொல்லு பார்க்கலாம்" என்பது ஒன்று. "பைத்தியத்துக்குப் பார்க்கிற படிப்பா தம்பி?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்பது இன்னொன்று. நான் படித்த காலத்திலும் கேட்டார்கள். இப்போது முன்வரிசையில் சிரிக்கிற பிள்ளைகளைப் பார்த்தால் இன்னும் கேட்கிறார்கள் என்று தெரிகிறது. ஆனால் இந்தப் படிப்பு ஒரு விஞ்ஞானமாகத் தலையெடுத்த கதையைத் தேடிப் போனால் அது ஜோசியக்காரர் வீட்டுக்கும் போகாது, மருத்துவமனைக்கும் போகாது. நட்சத்திரம் பார்க்கிற ஓர் இடத்துக்குப் போகும். அங்கே ஒரு கடிகாரம், ஒரு முதலாளி, வேலை போன ஓர் இளைஞன்.

இடம், லண்டனை அடுத்த கிரீனிச் வானாய்வுக் கூடம். ஆண்டு 1795. தலைவர் நெவில் மாஸ்கலின், அந்த நாட்டு அரசரின் வானியலாளர். அவருக்கு உதவியாளர் டேவிட் கின்னிபுரூக். இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த, நாரிச் ஊர்ப் பையன்.

வேலை என்னவென்றால், ஒரு நட்சத்திரம் டெலஸ்கோப்பின் பார்வை வட்டத்துக்குள் மெல்ல நகர்ந்து வரும். அந்த வட்டத்தில் மெல்லிய கம்பிகள் நெடுக்காகக் கட்டியிருக்கும். நட்சத்திரம் கம்பியை எந்த நேரத்தில் தாண்டியது என்று குறிக்க வேண்டும். கண் டெலஸ்கோப்பில், காது பக்கத்துக் கடிகாரத்தில். ஒரு 'டிக்'கில் நட்சத்திரம் எங்கே இருந்தது, அடுத்த 'டிக்'கில் எங்கே போயிற்று, நடுவில் கம்பி எங்கே என்று மனசுக்குள்ளேயே கணக்குப் போட்டு, விநாடியில் பத்தில் ஒரு பங்கு வரை எழுத வேண்டும். அந்தக் காலத்தில் இதைவிடத் துல்லியமான முறை கிடையாது என்று நம்பினார்கள்.

1795 ஆகஸ்டில் மாஸ்கலின் ஒரு விஷயத்தைக் கவனிக்கிறார். தான் குறிப்பதைவிட உதவியாளர் குறிக்கும் நேரம் அரை விநாடி பிந்தி இருக்கிறது. சொல்லிப் பார்த்தார். பையனும் முயன்றிருக்கிறான். ஆனால் 1796 ஜனவரியில் வித்தியாசம் 0.8 விநாடியாக ஏறிவிட்டது. இதெல்லாம் ஒரு வித்தியாசமா என்று கேட்கத் தோன்றும். பூமி சுழலும் வேகத்தில், நிலநடுக்கோட்டில் 0.8 விநாடி என்பது ஏறக்குறைய 370 மீட்டர். கப்பல்கள் தங்கள் இடத்தைக் கண்டுபிடிக்க நம்பியிருந்த அட்டவணைகளுக்கு ஆதாரமே இந்தக் கணக்குகள்தாம். கின்னிபுரூக் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். மற்ற வகையில் உழைப்பாளிதான் என்று சொல்லி, வருத்தத்தோடுதான் அதைப் பதிவு செய்திருக்கிறார் மாஸ்கலின். கெட்ட மனிதர் அல்ல.

ஆனால் ஒன்று பாருங்கள். உதவியாளர் 0.8 விநாடி பிந்தினாரா, அல்லது தலைவர் 0.8 விநாடி முந்தினாரா? இந்தக் கேள்வியை அங்கே யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. தலைவர் பார்த்ததுதான் சரியான நேரம். ஆபீஸ்களில் இன்றைக்கும் உள்ள சட்டம்தானே! கின்னிபுரூக் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கப் போனார். 1802-ல் இறந்து போனார். தன் பெயர் உளவியல் வரலாற்றுப் புத்தகங்களில் முதல் அத்தியாயத்தில் வரப் போகிறது என்று அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்டவர் வேறு ஒரு வானியலாளர், பெஸ்ஸல். அவர் இருந்தது அன்றைய பிரஷ்யாவின் கோனிக்ஸ்பர்க் நகரம். இன்று அது ரஷ்யாவில் கலினின்கிராட் என்ற பெயரில் இருக்கிறது. கின்னிபுரூக் விவகாரத்தை 1816 வாக்கில் ஒரு ஜெர்மன் வானியல் இதழில் படித்தார். படித்துவிட்டு "பாவம்" என்று பக்கத்தைப் புரட்டாமல், தன்னையே சோதனைக்கு உட்படுத்திக் கொண்டார். அதே நட்சத்திரங்களைத் தானும் பார்த்து, வேறு தேர்ந்த வானியலாளர்களையும் பார்க்கச் சொல்லி ஒப்பிட்டார். 1820-ல் வால்பெக் என்பவருக்கும் இவருக்கும் ஒரு விநாடிக்கு மேல் வித்தியாசம்! இருவருமே கெட்டிக்காரர்கள், இருவரும் கவனமாகத்தான் பார்த்தார்கள். அப்படியானால் இது சோம்பேறித்தனம் அல்ல. ஆளுக்கு ஆள் இயல்பாகவே இருக்கிற வேறுபாடு. வானியலாளர்கள் இதற்கு 'ஆள்சார் சமன்பாடு' என்று பொருள்படும் ஒரு பெயர் வைத்து, தங்கள் கணக்கில் கூட்டிக் கழித்துக் கொண்டார்கள். அவர்களுக்குக் காரியம் முடிந்தது. ஆனால் மனித மனத்துக்கும் நேரம் பிடிக்கிறது என்ற செய்தி வெளியே வந்துவிட்டது.

இதில் ஒரு வேடிக்கை. இதே கோனிக்ஸ்பர்க்கில்தான் தத்துவ மேதை இம்மானுவேல் காண்ட் பிறந்து, வாழ்ந்து, 1804-ல் மறைந்தார். மனதைப் பற்றிய ஆராய்ச்சி ஒருநாளும் சரியான இயற்கை விஞ்ஞானம் ஆக முடியாது என்று 1786-ல் எழுதியவர் அவர்தான். காரணம், உள்ளே நடப்பதற்குக் கணிதத்தைப் பொருத்த முடியாது. உற்றுப் பார்க்கப் போனால் பார்ப்பதாலேயே அது மாறிவிடும். லேசான வாதம் அல்ல, இன்றைக்கும் எங்களை உறுத்துகிற வாதம். ஆனாலும் அவர் ஊரிலேயே, அவர் மறைந்து இருபது ஆண்டுகூட ஆகாமல், ஒருவர் மனத்தின் தாமதத்தை விநாடிக் கணக்கில் எழுதிக் கொண்டிருந்தார்.

அதோடு முடியவில்லை. 1849-ல் அதே ஊருக்கு உடலியல் பேராசிரியராக வந்தவர் ஹெல்ம்ஹோல்ட்ஸ். நரம்பில் செய்தி ஓடும் வேகம் மின்னல் மாதிரி, அதை அளக்கும் வழி நமக்குக் கிடைக்கவே கிடைக்காது என்று அவருடைய குருநாதர் யோஹன்னஸ் முல்லரே எழுதியிருந்தார். சிஷ்யப் பிள்ளை ஒரு தவளைக் காலை எடுத்துக் கொண்டார். நரம்பைத் தசைக்குப் பக்கத்தில் ஒரு முறை மின்சாரத்தால் தொட்டார். கொஞ்சம் தள்ளி இன்னொரு முறை தொட்டார். தசை துடிப்பதில் எவ்வளவு தாமதம் என்று பார்த்துத் தூரத்தை வகுத்தார். 1850-ல் கிடைத்த விடை விநாடிக்கு சுமார் 27 மீட்டர். மின்னலாவது ஒன்றாவது! நம் எக்ஸ்பிரஸ் ரயில் ஓடுகிற வேகம்.

அடுத்து ஹாலந்து நாட்டு டாண்டர்ஸ். கண் மருத்துவத்தில் பெரிய பெயர். அவருடைய கெட்டிக்காரத்தனம் ஒரு கழித்தல் கணக்கு. காலில் லேசான மின்அதிர்ச்சி கொடுப்பார். உடனே கையால் பதில் காட்ட வேண்டும். எந்தக் காலில் வரும் என்று முன்னாலேயே தெரிந்தால் ஒரு நேரம் பிடிக்கிறது. இடதா வலதா என்று தெரியாவிட்டால் கூடுதலாக விநாடியில் 15-ல் ஒரு பங்கு. அந்தக் கூடுதல் எதற்கு? 'இது எந்தப் பக்கம், எந்தக் கையை நீட்டுவது' என்று உள்ளே முடிவெடுக்கத்தான். 1868-ல் இதை எழுதி வெளியிட்டார். ஒரு தீர்மானத்துக்கு என்ன விலை என்று மனித வரலாற்றில் முதன்முதலாக விலைச்சீட்டு ஒட்டியவர் அவர் என்பேன்.

இப்போது வில்ஹெல்ம் வுண்ட். பரீட்சையில் 'உளவியலின் தந்தை' என்று இரண்டு மார்க்குக்கு எழுதுகிறோமே, அவர்தான். ஹெல்ம்ஹோல்ட்ஸிடம் ஹைடல்பர்க்கில் உதவியாளராக இருந்தவர். 1861-ல் வீட்டுக் கடிகாரம் ஒன்றை மாற்றியமைத்து, பெண்டுலம் ஆடும்போது குறிப்பிட்ட இடத்தில் மணி அடிக்கும்படி செய்தார். மணி கேட்ட கணத்தில் பெண்டுலம் எங்கே நின்றது? அவர் கண்ணுக்குத் தெரிந்த இடம் வேறு, உண்மையில் அது இருந்த இடம் வேறு. வித்தியாசம் விநாடியில் எட்டில் ஒரு பங்கு. கண்ணும் காதும் ஒரே கணத்தில் மனதுக்குள் நுழைய முடியாது, வரிசையில் நின்றுதான் வரவேண்டும் என்று வுண்ட் முடிவு கட்டினார். இன்றைய ஆய்வாளர்களின் விளக்கம் இன்னும் சிக்கலானது. ஆனால் கிரீனிச்சில் கண்ணுக்கும் காதுக்கும் நடுவே மாட்டிக் கொண்ட அந்தப் பையனுக்கு அறுபத்தைந்து ஆண்டு கழித்து ஒரு வக்கீல் கிடைத்தார் இல்லையா?

1875-ல் வுண்ட் லைப்சிக் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். 1879-ல் அங்கே தொடங்கிய ஆய்வுக்கூடத்தைத்தான் உளவியலின் பிறப்பிடமாகச் சொல்வது வழக்கம். கட்டடம் எப்படிப்பட்டது தெரியுமா? ஏழை மாணவர்கள் சாப்பிடுகிற உணவுக்கூடம் இருந்த பழைய கட்டடம். அதில் கருவிகள் வைக்கக் கொடுத்த ஒரு சின்ன அறை. நம்ம ஹாஸ்டல் மெஸ்ஸை நினைத்துக் கொள்ளுங்கள். அங்கே ஒரு விஞ்ஞானம் பிறந்தது என்றால் நம்புவீர்களா? அமெரிக்காவில் வில்லியம் ஜேம்ஸ் 1875-லேயே ஹார்வர்டில் ஓர் அறையில் கருவிகள் வைத்திருந்தார், யார் முதலில் என்று இன்றும் சண்டை உண்டு. அதை விடுவோம்.

எனக்குப் பிடித்த விஷயம் வேறு. லைப்சிக்கின் முதல் ஆய்வை நடத்தியவர் மாக்ஸ் ஃப்ரீட்ரிஷ் என்ற மாணவர். விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு காட்டும் ஹிப் கருவியின் முன் அவர் உட்கார வைத்துச் சோதித்தவர்களில் பேராசிரியர் வுண்டும் ஒருவர். அதாவது மாணவர் அளக்கிறார், குருவின் தாமதம் பதிவாகிறது. கிரீனிச்சில் இருந்து எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் பாருங்கள். தலைவரின் காது தனி, உதவியாளரின் காது தனி என்ற கணக்கு இங்கே எடுபடவில்லை. எங்கள் துறை விஞ்ஞானம் ஆனது அந்த இடத்தில்தான் என்பது என் கட்சி. கருவி வந்ததால் மட்டும் அல்ல.

பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்காக எபிங்ஹாஸ் பற்றி ஒரு வார்த்தை. இவரும் தன்னையே சோதனைக்கு உட்படுத்திக் கொண்டவர். பொருளில்லாத அசைகள் சுமார் 2300 தயார் செய்து, மனப்பாடம் செய்து, மறந்து, திரும்பப் படித்து, வருஷக்கணக்கில் தனியாக உட்கார்ந்து குறித்தார். 1885-ல் வெளியிட்ட கணக்குப்படி, ஒரு மணி நேரத்தில் பாதிக்கு மேல் போய்விடுகிறது. ஒரு மாதம் ஆனாலும் ஐந்தில் ஒரு பங்கு தங்குகிறது. ராத்திரி முழுக்கப் படித்துவிட்டுக் காலையில் எல்லாம் போச்சே என்று அழுகிறவர்கள், முதல் ஒரு மணி நேரத்திலேயே போய்விட்டது என்று தெரிந்து கொள்ளலாம்.

இனி கொஞ்சம் கசப்பான பகுதி. வுண்டுக்கு மனிதர்களுக்குள்ள பொதுவிதிதான் முக்கியம். ஆளுக்கு ஆள் வேறுபாடு அவருக்குத் தொந்தரவு. காட்டெல் என்ற அமெரிக்க மாணவர் அந்த வேறுபாட்டையே ஆராய்வேன் என்றபோது, "அசல் அமெரிக்கத்தனம்" என்றாராம் குரு. அந்தப் பாதை திறந்தது நல்லதுதான், ஆனால் அதிலேயே வேறொரு கூட்டமும் வந்தது. இங்கிலாந்தில் கால்டன் 1884-ல் மூன்று பென்னி வாங்கிக் கொண்டு 9,337 பேரை அளந்தார். அதற்கு முந்திய ஆண்டுதான் 'யூஜெனிக்ஸ்' என்ற சொல்லையும் உருவாக்கியிருந்தார். உயர்ந்த பிறவி, தாழ்ந்த பிறவி என்று மனிதரைத் தரம் பிரிக்க அளவுகோலைத் தூக்கியவர்கள் இருபதாம் நூற்றாண்டில் செய்த கொடுமைகள் உங்களுக்குத் தெரியும். கின்னிபுரூக்கை மறுபடி வெளியே தள்ளிய மாதிரிதான். இந்த முறை விஞ்ஞானத்தின் பெயரில்.

அளக்கிற இடத்துக்குள்ளேயும் எல்லாரையும் விட்டுவிடவில்லை. மேரி கால்கின்ஸ் ஹார்வர்டில் மூன்ஸ்டர்பெர்கிடம் ஆராய்ச்சியை முடித்து, 1895-ல் தேர்விலும் தேறினார். பேராசிரியர்கள் பரிந்துரைத்தும், பெண் என்பதால் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் கொடுக்கவில்லை. 1905-ல் அவரே அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவரானார். பட்டம் மட்டும் கடைசி வரை வரவில்லை.

அந்த மூன்ஸ்டர்பெர்க் வுண்டின் மாணவர். அவரிடம் ஹார்வர்டில் படித்துவிட்டு வந்த என்.என். சென்குப்தாதான் 1916 வாக்கில் கல்கத்தா பல்கலைக்கழகத்தின் உளவியல் துறைக்குத் தலைமை ஏற்றார். அந்தப் பாடத்திட்டத்தை வகுத்த தத்துவப் பேராசிரியர் பிரஜேந்திரநாத் சீல் பிறகு மைசூருக்குத் துணைவேந்தராக வந்தார். 1924-ல் அங்கேயும் துறை பிறந்தது. அதை நடத்தியவர் எம்.வி. கோபாலஸ்வாமி. லண்டனில் ஸ்பியர்மனிடம் படித்தவர். ஸ்பியர்மன் யாரிடம் படித்தவர்? வுண்டிடம்! (இந்தக் கோபாலஸ்வாமிதான் 1935-ல் மைசூரில் தன் வீட்டிலேயே வானொலி நிலையம் தொடங்கி 'ஆகாசவாணி' என்ற பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டு வந்தவர்.) சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு உளவியல் வந்தது 1940-களில். ஆக, இங்கே பிராக்டிகல் வகுப்பில் நாம் ரெகார்டு நோட்டில் எழுதிய எதிர்வினை நேரச் சோதனை லைப்சிக்கிலிருந்து கைமாறிக் கைமாறி வந்த சரக்கு.

வுண்ட் ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மொழி, புராணம், வழக்கம் இதெல்லாம் கடிகாரத்துக்கு அகப்படாது என்று சொல்லி, கடைசி இருபது ஆண்டுகளில் பத்துத் தொகுதி எழுதினார். 1920-ல் மறைந்தார். அவருடைய ஆய்வு நிலையம் 1943 டிசம்பரில் லைப்சிக் மீது நடந்த குண்டுவீச்சில் அழிந்தது.

செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். அவருடைய விநாடியும் என்னுடைய விநாடியும் ஒன்றல்ல என்று நான் வாதாடலாம், ஆனால் வெளியே சாப்பாடு தயாராகிவிட்டது. பையில் ஒரு 30 சென்டிமீட்டர் ஸ்கேல் வைத்திருக்கிறேன். ஒருவர் மேலே பிடித்து விட வேண்டும், மற்றவர் கீழே இரண்டு விரலால் பிடிக்க வேண்டும். 20 சென்டிமீட்டரில் பிடித்தால் உங்கள் நேரம் ஐந்தில் ஒரு விநாடி. பந்தியில் இடம் கிடைக்கும் வரை முன்னாள் மாணவர்களும் இந்நாள் மாணவர்களும் ஒரு கை பார்க்கலாம். முதல்வர் முதலில் பிடிப்பதாக ஒப்புக் கொண்டிருக்கிறார்.