கேமராவைப் பிள்ளைகள் கையில் கொடுங்கள்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, கலகெதரவின் தாய்மாரே, தந்தையரே, முன்வரிசையில் சீருடையோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே!

தடம் மாறிய இளைஞரைப் பற்றி மாணவர்கள் குறும்படம் எடுப்பது பயனா, வீணா? இதுதான் இன்றைய தலைப்பு. பயனே என்று வாதாட வந்திருக்கிறேன். இந்தப் பக்கத்தை நானே கேட்டு வாங்கினேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் மூன்று குற்றம் சொன்னார். உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிற நேரம் வீணாகிறது என்றார். குடு, ஐஸ் என்று போதைப்பொருள்களைத் திரையில் காட்டினால் அறியாத பிள்ளையும் அறிந்துகொள்ளும் என்றார். ஊர் மானம் போகும் என்றார். மூன்றுக்கும் பதில் உண்டு. அதற்கு முன்னால், நான் பக்கத்திலிருந்து பார்த்த ஒரு படத்தின் கதையைச் சொல்ல அனுமதி கொடுங்கள்.

உயர்தர வகுப்பு மாணவர் மூன்று பேர். கையில் ஒரு போன். எழுதிக்கொண்டு வந்த கதை இதுதான்: பையன் பள்ளிக்கு மட்டம் போடுகிறான், பஸ் நிலையத்தில் கெட்ட சகவாசம், போதை, உம்மாவின் சங்கிலியைத் திருடுகிறான், பொலிஸ் ஜீப், கடைசியில் உம்மா அழுகிறார். ஒரே இரவில் எழுதி முடித்துவிட்டார்கள். முடியாதா பின்னே? அந்தக் கதை அவர்கள் பார்த்த அத்தனை படங்களிலும் ஏற்கெனவே இருக்கிறது. ஆசிரியர் ஒரு கேள்விதான் கேட்டார்: "இப்படி ஒருத்தனை உங்களுக்குத் தெரியுமா?"

தெரிந்திருந்தது. பத்தாம் ஆண்டு வரைக்கும் பக்கத்து மேசையில் இருந்தவன். ஒருநாள் வரவில்லை, பிறகு வரவே இல்லை. சந்தியில் அவனுக்கு ஊர் வைத்த பெயர் குடுகாரன். மூவரும் அவனைத் தேடிப் போனார்கள். கராம்பு மரத்தின் மேலே இருந்தான்.

கராம்பு பறிப்பதைப் பார்த்தவர்கள் இந்த மண்டபத்தில் நிறையப் பேர் இருப்பீர்கள். மொட்டு விரிவதற்கு முன்னால் பறிக்க வேண்டும், விரிந்தால் விலை போகாது. கிளையோ எந்த நேரமும் பொட்டென்று முறியும். இவனுடைய வாப்பா அப்படி விழுந்துதான் இடுப்பு போய்ப் படுக்கையில் கிடக்கிறார். அதே மரத்தில் மகன் ஏறுகிறான். கீழே பாயில் உட்கார்ந்து உம்மா மொட்டு வேறு, காம்பு வேறாக ஆய்ந்துகொண்டிருக்கிறார். பிள்ளைகள் போனை நீட்டியதும் அந்தத் தாய் சொன்ன முதல் வார்த்தை: "மகன், என்ட புள்ளயக் களவாணியாக் காட்டிறாதீங்க."

பையன் இறங்கி வந்து பேசினான். "கொஞ்ச நாள் பாவிச்சேன் மச்சான். மரத்துல ஏறுறவனுக்கு அது சரிவராது. விட்டுட்டேன்."

நடுவர் அவர்களே, இந்த வசனத்தை எந்தக் கதாசிரியராவது எழுதியிருப்பாரா? அவன் விட்டது யாருடைய உபதேசத்தாலும் இல்லை. மரக்கிளை முறியும் என்ற பயம், தான் விழுந்தால் வீட்டில் அடுப்பு எரியாது என்ற கணக்கு, இரண்டும் சேர்ந்து விட வைத்தன. நாம் ஆண்டுதோறும் பாடசாலைகளில் நடத்தும் போதை ஒழிப்புக் கூட்டங்களில் இப்படி ஒரு காரணத்தை யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறோமா? அன்றிரவே அந்த மூவரும் பழைய கதையைக் கிழித்துப் போட்டார்கள்.

பெரியவர்கள் எடுக்கும் படங்களைப் பார்ப்போம். 2021 இல் 'மாஸ்டர்' வந்தபோது நம் பிள்ளைகள் எப்படிக் கொண்டாடினார்கள் என்று உங்களுக்குத் தெரியும். சிறுவர் சீர்திருத்தப் பள்ளிப் பிள்ளைகளை ஒரு தாதா எப்படிப் பயன்படுத்துகிறான் என்ற நல்ல விஷயம் அதில் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் நாயகன் உள்ளே வந்ததும் கேமரா அவர் பின்னால் போய்விடுகிறது. பிள்ளைகள் காப்பாற்றப்படுவதற்காக வரிசையில் காத்திருக்கிறார்கள். சந்தியில் நிற்கும் நம் பையனுக்கு எந்த நாயகனும் வரப் போவதில்லை.

இதற்கு நேர்மாறாக ஒன்று சொல்கிறேன். பிரான்சுவா த்ரூஃபோ என்ற பிரெஞ்சு இளைஞர், பதின்ம வயதில் வளர்ப்புத் தகப்பனாராலேயே பொலிஸில் ஒப்படைக்கப்பட்டு, சிறுவர் கண்காணிப்பு நிலையத்தில் அடைக்கப்பட்டவர். ஆந்த்ரே பாசான் என்ற விமர்சகர் அவரை மீட்டு வழிகாட்டினார். 27 வயதில், 1959 இல், த்ரூஃபோ தன் கதையைத் தழுவி எடுத்த 'தி 400 ப்ளோஸ்' படத்தை வெளியிட்டார். கான் திரைப்பட விழாவில் சிறந்த இயக்குநர் விருது பெற்றார். உள்ளே இருந்தவனே கேமராவைப் பிடித்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு உலகம் இன்றைக்கும் காட்டும் சாட்சி அது.

பிரான்ஸ் வரைக்கும் போவானேன்? இயக்குநர் தர்மசேன பத்திராஜ நம் கண்டியில் 1943 இல் பிறந்தவர், பேராதனையில் படித்தவர். 1971 கிளர்ச்சியில் இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் செத்தும் சிறைப்பட்டும் போன நாட்டில், 1974 இல் அவர் எடுத்த முதல் முழுநீளப் படம் 'அஹஸ் கவ்வ', வேலையில்லாத வாலிபர்களைப் பற்றியது. பிறகு யாழ்ப்பாணம் போய்த் தமிழிலேயே 'பொன்மணி' எடுத்தார். படித்தும் வழியில்லாமல் நிற்கும் வாலிபனை, தீர்ப்புச் சொல்லாமல், அவன் நடக்கிற தெருவிலேயே வைத்துப் பார்த்தார்.

இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். 1987 முதல் 1989 வரை இரண்டாவது கிளர்ச்சி நடந்தபோது தெற்கிலும் இந்த மலைநாட்டிலும் எத்தனை இளைஞர்களின் உடல்கள் ஆற்றிலும் வீதியோரத்திலும் கிடந்தன! அந்தக் காலத்தைக் கண்டவர்கள் இங்கே இருக்கிறீர்கள். அதற்குப் பிறகுதான் அரசு ஜனாதிபதி இளைஞர் ஆணைக்குழுவை அமைத்து, பிள்ளைகளே உங்களுக்கு என்ன குறை என்று கேட்டது. 1990 இல் அறிக்கை வந்தது. வேலை கொடுப்பதில் அரசியல் செல்வாக்கு, அநீதி, மொழியால் ஒதுக்கப்படுதல் என்று இளைஞர்கள் மனதில் இருந்ததெல்லாம் பதிவானது. அவ்வளவு பேர் செத்த பிறகு கேட்ட கேள்வியை, கையில் போனோடு மரத்தடிக்குப் போன மூன்று மாணவர்கள் முன்கூட்டியே கேட்கிறார்கள். இதையா வீண் என்கிறீர்கள்?

எதிரணியின் குற்றங்களுக்கு வருகிறேன்.

போதையைக் காட்டினால் ஆசை வரும் என்கிறீர்கள். அந்தப் பயம் எனக்கும் உண்டு. ஆனால் புகையும் சிவப்பு விளக்கும் பின்னணி இசையுமாக அழகாகக் காட்டத் திட்டமிட்டது அந்த முதல் கதை. உண்மையான பையனைச் சந்தித்த பிறகு எடுத்த படத்தில் போதைப்பொருள் ஒரு காட்சியில்கூட இல்லை. ஆசை மூட்டும் படத்தைத் தடுத்தது தடை உத்தரவா? அவனோடு பேசியதுதான் தடுத்தது.

ஊர் மானம் என்கிறீர்கள். சிறுவர் நீதிமன்றத்துக்கு வரும் பிள்ளையை இனங்காட்டிப் பத்திரிகை எழுதக் கூடாது என்று 1939 ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டமே கட்டுப்படுத்துகிறது. அந்த நெறியை இந்தப் பிள்ளைகள் காப்பாற்றினார்கள். படத்தில் முகம் இல்லை, பெயர் இல்லை, கராம்பு ஆயும் கைகளும் குரலும் மட்டும்தான். முதல் தொகுப்பை அவனுக்கும் அவன் தாய்க்கும் காட்டினார்கள். வாப்பா படுத்திருக்கும் காட்சி வேண்டாம் என்றான், நீக்கிவிட்டார்கள். சந்தியில் நின்று அவன் பெயர் சொல்லிக் குடுகாரன் என்று கூப்பிடும் பெரியவர்கள், மானத்தைப் பற்றி அந்த மூவருக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

நேரம் வீணாகிறது என்கிறீர்கள். 2018 மார்ச்சில் இதே கண்டி மாவட்டத்தில், திகனயிலும் தெல்தெனியவிலும் முஸ்லிம்களுக்கு எதிராகக் கலவரம் மூண்டபோது என்ன நடந்தது? போனில் பரவிய துண்டுக் காணொளிகளும் வதந்திகளும் நெருப்புக்கு எண்ணெய் ஊற்றின. அவசரகாலச் சட்டம் வந்தது. முகநூலையும் வாட்ஸப்பையும் அரசு முடக்கியது. 2020 இல் முகநூல் நிறுவனமே அதில் தனக்கிருந்த பங்குக்காக மன்னிப்புக் கேட்டது. பள்ளிவாசலும் வீடும் கடையும் எரிந்த அந்த நாட்களில், வந்த காணொளியை யோசிக்காமல் அடுத்தவனுக்கு அனுப்பிய விரல்களில் இளைஞர்களின் விரல்களும் இருந்தன. தன் கையால் ஒரு காட்சியை வெட்டி ஒட்டிப் பார்த்த பிள்ளைக்குத் தெரியும், எந்த இடத்தில் வெட்டினால் ஒரு மனிதன் கெட்டவனாகத் தெரிவான் என்று. அடுத்த முறை ஒரு துண்டுக் காணொளி வரும்போது, இதற்கு முன்னால் என்ன நடந்தது, பின்னால் என்ன நடந்தது என்று அந்தப் பிள்ளை கேட்கும். இந்த மாவட்டத்துக்கு இதைவிட அவசரமான படிப்பு எது?

படம் எடுத்து அந்தப் பையனுக்கு என்ன கிடைத்தது என்றும் எதிரணியில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அவன் பள்ளிக்குத் திரும்பவில்லை. நம் நாட்டில் 2016 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம். அவன் அந்த வயதுக்கு முன்னமே போய்விட்டான். வரவு இடாப்பில் அவன் பெயருக்கு நேரே நாள்தோறும் குறி விழுந்தது, வீட்டுக் கதவைத் தட்ட யாரும் போகவில்லை. முதலில் போனவர்கள் படம் எடுக்கப் போன இந்த மூவர்தான். தொழிற்பயிற்சி அதிகார சபையில் எந்தப் பாடநெறிக்கு என்ன தகுதி கேட்கிறார்கள் என்று இப்போது அவனுக்காக விசாரித்துக்கொண்டிருப்பவர்களும் அவர்கள்தான்.

ஆகவே நடுவர் அவர்களே, தீர்ப்போடு சேர்த்து இந்த மேடையிலிருந்து அதிபர்மாரிடமும் மூன்று விஷயம் கேட்கிறேன். படம் எடுக்கும் பிள்ளைகளுக்கு வாரத்தில் இரண்டு பாடவேளை ஒதுக்குங்கள். படத்தில் வருகிறவர் முதலில் பார்த்துச் சம்மதித்த பிறகே வெளியே காட்ட வேண்டும் என்பதை எழுத்தில் விதியாக்குங்கள். சிங்கள உபதலைப்புப் போட்டு, பக்கத்துச் சிங்களப் பாடசாலைப் பிள்ளைகளையும் கூட்டி வைத்துக் காட்டுங்கள். அந்தச் சந்தியில் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் நிற்கிறார்கள்.