உண்ண மறுக்கும் குழந்தையும் நம் அடுக்களையும்

(சங்கத்தின் மாதர் பகுதிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மாதர் பகுதிச் செயலாளர் என்னைப் பேச அழைத்தபோது, "சிலப்பதிகாரத்தைப் பற்றிப் பேசட்டுமா?" என்று கேட்டேன். "சிலம்பைப் பற்றிப் பேச நம் சங்கத்தில் நால்வர் இருக்கின்றனர். குழந்தைக்குச் சோறு ஊட்டப் படும் பாட்டைப் பற்றிப் பேசத்தான் ஆளில்லை" என்றார் அவர். நான் புலமை மிக்கவள் அல்லள், மருத்துவரும் அல்லள். மணமாகி 1978-ஆம் ஆண்டில் இத்தில்லி மாநகருக்கு வந்து, ஒரு மகளை வளர்த்து, இப்போது பேரனை வளர்ப்பதில் பங்கு கொண்டிருப்பவள். பட்டறிவு என்று ஒன்று உண்டானால் அது பெரும்பாலும் பிழைகளால் ஆனதே. அப்பிழையிலிருந்தே தொடங்குகிறேன்.

என் மகளுக்கு மூன்று வயது நடந்தபோது பூசணிக்காய்க் கூட்டை உண்ண மறுத்தாள். நான் விடவில்லை. மாடிவீட்டுப் பெரியவரின் நீண்ட தாடியைக் காட்டி, "தாத்தா பிடித்துக்கொண்டு போய்விடுவார்" என்று அச்சுறுத்தினேன். அப்பெரியவரோ குழந்தையைக் கண்டால் சட்டைப் பையிலிருந்து வெல்லக்கட்டி எடுத்துக் கொடுக்கும் நல்லவர்! அச்சுறுத்தல் பலிக்காதபோது ஒரு கையால் மூக்கைப் பிடித்து, வாய் திறந்தவுடன் மறு கையால் கூட்டை உள்ளே தள்ளினேன். கிண்ணம் காலியானது. கடமையைச் செய்துவிட்டதாக நிறைவும் அடைந்தேன். இன்று அவள் நாற்பதைக் கடந்தவள். சென்ற ஆண்டு ஒருநாள் பேச்சுவாக்கில், "அம்மா, பூசணிக்காய் மணம் வந்தால் இன்றைக்கும் உன் கைதான் நினைவுக்கு வருகிறது" என்றாள். அவள் சினத்தோடு சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்கு அன்றிரவு உறக்கம் வரவில்லை. மகளுக்குத் தாயின் கை இப்படியா நினைவில் நிற்க வேண்டும்?

புறநானூற்றில் பாண்டியன் அறிவுடை நம்பி பாடிய பாட்டொன்று உண்டு. குழந்தை குறுகுறுவென நடந்து வந்து, உணவில் கையிட்டுத் துழாவி, நெய்ச்சோற்றை மெய்யெல்லாம் பூசிக்கொள்ளும் காட்சியை அப்பாட்டில் காணலாம். ஒரு நாட்டை ஆண்ட மன்னன் அதனைக் குறும்பென்று கடிந்தானில்லை. அதுவே வாழ்வின் பேறு என்றான். நாமோ தரையில் நான்கு பருக்கை சிந்தினால் பதறுகின்றோம். குழந்தை தொட்டும், பிசைந்தும், முகர்ந்தும், துப்பியும் உணவை அறிந்துகொள்கிறது. கையைத் தடுத்துவிட்டு வாயை மட்டும் திறக்கச் சொன்னால், முன்பின் அறியாத ஒன்றை விழுங்கச் சொல்வதாகவன்றோ அதற்குத் தோன்றும்?

தாய்மாரின் அச்சத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. மூன்று கிலோவாகப் பிறந்த குழந்தை ஓராண்டில் ஏறத்தாழ ஒன்பது கிலோ ஆகிறது; அதாவது மும்மடங்கு. அதன்பின் வளர்ச்சியின் விரைவு தணிந்து, ஆண்டுக்கு இரண்டு கிலோ அல்லது சற்று மிகுதியாகவே எடை கூடுகிறது. வளர்ச்சி தணியும்போது பசியும் தணிகிறது. "முன்பு நன்றாக உண்டான், இப்போது ஒன்றும் உண்பதில்லை" என்று நாம் கலங்குவது பெரும்பாலும் இப்பருவத்தில்தான். இரண்டு வயது தொடங்கி ஆறு வயது வரை புதிய உணவைக் கண்டு பின்வாங்குவதும் குழந்தைகளின் இயல்பே. இதனை அறியாமல் நாம் கரண்டியைத் தூக்குகின்றோம். இக்காலத்தில் கரண்டியோடு கைபேசியையும் தூக்குகின்றோம். படத்தில் கண் பதிந்திருக்கும் குழந்தை, வயிறு நிறைந்ததையும் அறியாது, வாயில் வந்தது கீரையா கிழங்கா என்பதையும் அறியாது.

என் பேரனின் கதை இதுதான். நாலரை வயது. பால், தயிர்ச்சோறு, பிஸ்கோத்து ஆகிய மூன்றே அவன் உணவு. சென்ற ஐப்பசியில் முகம் வெளுத்துச் சோர்ந்திருக்கக் கண்டு மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். அவ்வயதுக் குழந்தையின் இரத்தத்தில் ஈமோகுளோபின் 11-க்குக் குறையலாகாது. அவனுக்கு 9-தான் இருந்தது. "நாளொன்றுக்கு எவ்வளவு பால்?" என்று மருத்துவர் கேட்டார். "ஒரு லிட்டர்" என்று என் மகள் சற்றுப் பெருமையுடனேயே சொன்னாள். "அதுதான் காரணம். அரை லிட்டருக்கு மேல் கொடுக்காதீர்கள்" என்றார் அவர். பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. வயிற்றை நிறைத்துப் பிற உணவுக்கு இடமில்லாமலும் செய்துவிடுகிறது. இஃது எங்கள் வீட்டுக் குறை மட்டுமன்று. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள இந்தியக் குழந்தைகளில் நூற்றுக்கு 67 பேருக்கு இரத்தச்சோகை இருந்தது. சோறில்லாத வீடுகளை மட்டும் சேர்த்து இத்தொகை வந்துவிடாது. நம்மைப் போன்ற குடியிருப்புகளும் அதில் அடங்கும்.

இரும்புச்சத்து மருந்து தந்தார்கள். அதைப் பாலோடு கொடுக்காமல் எலுமிச்சைச் சாற்றோடு கொடுக்கச் சொன்னார்கள். ஆனால் மருந்து வாழ்நாள் முழுதும் உணவாகாது அல்லவா? மகளும் மருமகனும் அலுவலகம் செல்பவர்கள். பகலெல்லாம் பேரன் என்னோடுதான். மறுபடியும் மூக்கைப் பிடிக்கும் கை என் கையாக இருக்கக் கூடாது என்று உறுதி கொண்டேன்.

அமெரிக்காவில் கிளாரா டேவிசு என்ற பெண் மருத்துவர் இருந்தார். தாய்ப்பால் மறந்த குழந்தைகளின் முன் பலவகை உணவுகளை வைத்து, விரும்பியதை விரும்பிய அளவு உண்ணவிட்டுப் பார்த்தார். 1928-இல் முதற் செய்தியையும், 1939-இல் 15 குழந்தைகளைப் பற்றிய முடிவையும் வெளியிட்டார். செவிலியர் கரண்டியுடன் அருகில் அமைதியாக அமர்ந்திருப்பர்; குழந்தை கைநீட்டினாலன்றி ஊட்டமாட்டார்; "இதை உண், அதை உண்ணாதே" என்று ஒரு சொல்லும் சொல்லார். ஒவ்வொரு குழந்தையும் ஒவ்வொரு விதமாக உண்டது; எல்லாக் குழந்தைகளும் நன்றாக வளர்ந்தன. எலும்பு மெலிவு நோயுற்றிருந்த ஒரு குழந்தை, அருகில் வைத்த மீன்எண்ணெயை நோய் தீரும்வரை தானே அருந்தியதாம். "அப்படியானால் விருப்பம்போல் விட்டுவிடலாமே" என்பீர்கள். அங்கேதான் சூட்சுமம். அவர் வைத்த 34 பொருள்களும் தானியம், காய், கனி, பால், முட்டை, இறைச்சி போன்ற இயற்கை உணவுகள். சருக்கரைப் பண்டம் ஒன்றுமில்லை. பிஸ்கோத்துப் பெட்டியும் இல்லை. எதனை, எப்போது, எங்கே வைப்பது என்பது பெரியவர் பொறுப்பு. உண்பதா வேண்டாவா, எவ்வளவு என்பது குழந்தையின் உரிமை. இந்த எல்லையைக் கடந்து அதன் பக்கம் நாம் போவதால்தான் சண்டை மூள்கிறது.

ஆகவே பிஸ்கோத்துப் பெட்டியை வீட்டைவிட்டே வெளியேற்றினேன். பால் குறைந்தது. இரண்டு நாள் அழுகை. மூன்றாம் நாள் பசி. அதற்குள் கார்த்திகை பிறந்துவிட்டது. இவ்வூரின் குளிர்காலத்தைப் பற்றி நாம் குறை கூறாத ஆண்டில்லை. ஆயினும் தள்ளுவண்டியில் குவிந்து வரும் பச்சைப் பட்டாணிக்காக அதனை மன்னிக்கலாம். இரண்டு கிலோ வாங்கி, மொட்டைமாடி வெயிலில் பாய் விரித்து, பேரனை அருகில் அமர்த்தி, "பாட்டிக்குக் கை வலிக்கிறது, நீ உரித்துத் தா" என்றேன். முதுகை அழுத்தினால் பிளந்துகொள்ளும் தோலைக் கண்டு அவன் வியந்தான். "பாட்டி, இதற்குள் எட்டு இருக்கிறது! இதில் ஒன்று குட்டியாக இருக்கிறது!" என்று எண்ணத் தொடங்கினான். அன்று ஒரு பட்டாணியும் அவன் வாய்க்குள் போகவில்லை. நானும் "ஒன்று தின்று பார்" என்று சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது எவ்வளவு கடினம் என்பதைத் தாய்மார்களே அறிவர்.

ஒன்பது நாள் உரித்தான். ஒன்பது நாளும் பட்டாணிப் பொங்கலில் பட்டாணியைப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் அடுக்கினான். பத்தாம் நாள் வெயிலில் அமர்ந்து, நான் பார்க்கவில்லை என்று எண்ணி, குட்டிப் பட்டாணி ஒன்றை வாயிலிட்டான், துப்பினான், மீண்டும் ஒன்றை எடுத்துக் கடித்தான். நான் வெயிலுக்குக் கண்கூசுவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஓர் உணவு நாவுக்குப் பழக எட்டு முதல் பதினைந்து முறை சுவைக்க வேண்டியிருக்கும் என்று ஆராய்ச்சியாளர் கூறுகின்றனர். நாம் மூன்றாம் முறையிலேயே "இவனுக்குப் பிடிக்காது" என்று தீர்ப்பெழுதிவிடுகின்றோம். கையால் தொட்டுப் பழகுவது அச்சத்தைப் போக்கும். விருப்பம் பிறப்பதோ நாவில் பட்ட பிறகுதான்.

பட்டாணிக்குப் பின் வெந்தயக்கீரை ஆய்ந்தான், கறிவேப்பிலை உருவினான், கோதுமை மாவு பிசைந்தான். அவன் தேய்த்த சப்பாத்தி இலங்கைத் தீவின் வடிவில் இருந்தது. அதைத்தான் அவன் தந்தைக்குப் பரிமாறினோம். தைமாதக் குளிரில் இட்லி மாவு பொங்காத துன்பம் உங்களுக்கெல்லாம் தெரியும். ஓரிரவில் பொங்க வேண்டிய மாவு இங்கே மறுநாள் மாலையானாலும் அசையாது. பாத்திரத்துக்கு என் கம்பளிச் சால்வையைப் போர்த்தும் வேலையை அவனிடம் தந்தேன். காலையில் கண் விழித்ததும், "பாட்டி, மாவு எழுந்துவிட்டதா?" என்று ஓடிவருவான். பொங்கிய மாவில் சிவப்புக் காரட்டுத் துருவலை அவனே தூவினான். தான் போர்த்திவிட்ட மாவின் இட்லியை அவன் மறுக்கவில்லை. காய்கறியைத் தெரியாமல் அரைத்து ஒளித்துக் கொடுக்கும் தந்திரத்தைச் சிலர் பரிந்துரைப்பர். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒருநாள் கண்டுபிடித்துவிட்டால் அப்புறம் இட்லியையும் அது நம்பாது.

கைலஞ்சமும் ஆகாது. "கீரை உண்டால் ஐஸ்கிரீம்" என்போமாயின், கீரை தண்டனை, ஐஸ்கிரீம் பரிசு என்றே குழந்தை கற்றுக்கொள்ளும். லியன் பர்ச்சு என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் தம் துணைவருடன் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு புதிய பானத்தைப் பரிசுக்காக அருந்திய குழந்தைகளுக்கு அதன்மேல் இருந்த விருப்பம் குறைந்தே போனதாகக் காணலாம்.

சில எச்சரிக்கைகளை மறவாதீர். அடுப்பு, கொதிக்கும் எண்ணெய், குக்கர், மிக்சி ஆகியவற்றின் பக்கம் சிறுவரை விடலாகாது. அவர்கள் வேலையைத் தரையிலோ மேசையிலோ தனியே வையுங்கள். முழு வேர்க்கடலை, முழுத் திராட்சை போன்றவை சிறு குழந்தையின் தொண்டையில் அடைக்கும். பச்சைப் பட்டாணியும் அப்படியே. அருகில் அமர்ந்து பார்த்துக்கொள்ள வேண்டும். எடை குறைந்தாலோ, விழுங்கும்போது திணறினாலோ, உண்ணும் பொருள்கள் நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டே போனாலோ என் போன்ற பாட்டிமாரைக் கேளாமல் மருத்துவரைக் கேளுங்கள்.

பின்வரிசை ஆடவர்களுக்கும் ஒரு சொல். தட்டில் கத்தரிக்காயை ஓரமாக ஒதுக்கும் தந்தையை எதிரில் அமர்ந்திருக்கும் குழந்தை பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. (சிரிப்பு.) சிரிப்பவர்கள் யார் யார் என்பதை உங்கள் இல்லத்தரசியார் குறித்துக்கொள்வர்.

என் பேரன் இன்று எல்லாம் உண்கிறான் என்று சொன்னால் அது பொய். வெண்டைக்காயைத் தொடமாட்டான். கீரையைச் சப்பாத்தியில் பிசைந்தால் உண்பான். மசியலாகச் செய்தால் எழுந்து போய்விடுவான். மாசி மாதம் மீண்டும் இரத்தம் பார்த்தபோது ஈமோகுளோபின் 11-ஐத் தொட்டிருந்தது. அதில் மருந்துக்கு எவ்வளவு பங்கு, பட்டாணிக்கு எவ்வளவு பங்கு என்று நான் வழக்காட வரவில்லை.

சென்ற மாதம் மகள் வீட்டில் பூசணிக்காய் வாங்கியிருந்தார்கள். மகள் அல்லள், மருமகன் வாங்கியது. பேரன் அதன் விதைகளைக் கையால் வழித்தெடுத்து, கழுவி, வெயிலில் உலர்த்தினான். என் மகள் சற்றுத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அருகில் வந்து அமர்ந்து, வழவழவென்ற அந்த விதைகளில் தானும் கையை விட்டாள். கூட்டு ஆயிற்று. அவள் உண்டாளா என்று நான் பார்க்கவில்லை, கேட்கவும் இல்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் சங்கத்தின் மாடியில் கூட்டாஞ்சோறு ஆக்க மாதர் பகுதி ஏற்பாடு செய்திருக்கிறது. நம் ஊர்களில் சிறுவர்கள் வீட்டுக்கு ஒரு பொருளாகக் கொண்டுவந்து கூடி ஆக்கிய அதே சோறுதான். அடுப்பைப் பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஒவ்வொரு குழந்தையும் ஒரு காயைத் தன் கையால் கொண்டுவரட்டும். பழைய உடையிலேயே அனுப்புங்கள்.