தனிமையில் வளர்ந்த பிள்ளை

பிறந்ததனாலேயே மனிதராகிறோமா, மனிதரிடையே வளர்வதனால் மனிதராகிறோமா? 1800ஆம் ஆண்டு ஜனவரியில், பிரான்சு நாட்டின் அவெரோன் பகுதிக் காட்டிலிருந்து வெளிப்பட்ட சிறுவன் ஒருவன் இவ்வினாவை எழுப்பினான். வயது ஏறத்தாழப் 12; பேச்சு இல்லை. பிறவியிலேயே அறிவு குன்றியவன் என்றார் பினேல் என்னும் மருத்துவர். தனிமையே காரணம் என்றார் இளம் மருத்துவர் இத்தார். விக்தர் எனப் பெயரிட்டு, ஏறத்தாழ ஐந்தாண்டுகள் பயிற்றினார். எழுதிய சொற்கள் சிலவற்றைச் சிறுவன் அறிந்துகொண்டான், பேச்சுக் கைகூடவில்லை. ஆயினும், தன்னைப் பேணிய கெரென் அம்மையாரின் கணவர் இறந்தபோது, வழக்கம்போல் அவருக்கும் உணவுத் தட்டு வைத்தவன், அம்மையாரின் துயரைக் கண்டு அதனை எடுத்துவிட்டான்.

ஒருவனைக் கொண்டு இவ்வழக்கைத் தீர்க்க இயலாது. ருமேனியாவின் புக்காரெஸ்ட் நகரில் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய ஆய்வு தெளிவு தந்தது. அனாதை இல்லங்களில் பேச்சும் அரவணைப்பும் அரிதாகக் கிடந்த 136 குழந்தைகளுள் பாதிப்பேரைச் சீட்டெடுத்துத் தேர்ந்து, வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தனர். அவர்கள் மற்றவரினும் முன்னேறினர். பல திறன்களில், இரண்டு வயதுக்குள் சென்றோரே மிகுதியும் தேறினர். விக்தருக்கு உதவி வந்தபோது அவ்வயது என்றோ கடந்திருந்தது.

மாணவ நண்பர்களே, உங்கள் வீட்டுத் தொட்டிலில் குழந்தை இருப்பின் அதனோடு பேசுங்கள். அதற்கு என்ன விளங்கும் என்று எண்ண வேண்டா.