என் புத்தியைத் திருத்திய பத்தாண்டு



எந்தக் காலம் என் புத்தியைத் திருத்தியது என்று கேட்கிறார்கள். 1990-களே என்பேன். 1995 செப்டம்பர் 21-ந் தேதி பிள்ளையார் பால் குடிக்கிறார் என்று ஊரெல்லாம் கரண்டியும் கையுமாய் ஓடிற்று. பட்டதாரிகளும் ஓடினார்கள்! பரப்பு இழுவிசையால் பால் கல்லில் ஒட்டி வழிகிறதென்று விஞ்ஞானிகள் காட்டினார்கள்.

ஆனால், அதற்கு மூன்றாண்டு முன் புதுக்கோட்டையில் நடந்ததென்ன? அறிவொளி இயக்கத்தில் எழுத்துக் கற்ற ஏழைப் பெண்கள், கேலியை லட்சியம் செய்யாமல் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்கள். பஸ்சுக்குக் காத்திராமல், ஆண் துணை தேடாமல் வேலைக்கும் சந்தைக்கும் போனார்கள்.

இவ்விருவரில் அறிவாளி யார்? யோசித்துப் பாருங்கள். பட்டம் வேறு, பகுத்தறிவு வேறு. பள்ளிக்கூடம் அதிகம் பார்க்காத எனக்கு இதுவே பாடம். எதையும் ஏன் என்று கேளுங்கள். உங்கள் வீட்டுப் பெண்கள் கேட்டால் வாயை அடக்காதீர்கள்!