கால் மைல் ஓட்டமும் எரிபொருட் பம்பியும்

மோட்டார்ப் பந்தயங்களிலே பலவகை உண்டு. வளைந்து செல்லும் பாதையில் மணிக்கணக்காக ஓடுவது ஒருவகை. நின்ற நிலையிலிருந்து புறப்பட்டு, நேரான பாதையிலே கால் மைலை யார் முதலிற் கடப்பது என்று இரு கார்கள் போட்டியிடுவது மற்றொரு வகை. இதனை 'டிராக்' பந்தயம் என்பர். அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்திலே, வறண்ட ஏரிப் படுகைகளில் நடந்த வேக ஓட்டங்களிலிருந்தும் தெருவோட்டங்களிலிருந்தும் இது வளர்ந்தது. தெருவோட்டத்தின் ஆபத்தை நீக்கி ஓர் ஒழுங்கை ஏற்படுத்தும் நோக்குடன் வொலி பாக்ஸ் என்பவர் 1951 இல் தேசிய ஹொட் றொட் சங்கத்தை நிறுவினார். அச்சங்கத்தின் முதலாவது தேசியப் போட்டி 1955 இல் கன்சாஸ் மாநிலத்துக் கிறேற் பெண்ட் நகரில் நடைபெற்றது.

இத்தகைய காரொன்றுக்கு எரிபொருட் பம்பியை எவ்வாறு தெரிவது என்பதே இன்றைய பேச்சின் பொருள். பம்பிதானே, இதிற் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணலாம். ஆனால், பல்லாயிரம் டொலர் செலவிற் கட்டிய இயந்திரம் பிழைப்பதும் அழிவதும் பெரும்பாலும் இப்பம்பியையே பொறுத்திருக்கிறது.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். நமது கார் 1000 பரிவலு உடையது, பெற்றோலில் ஓடுவது, காற்றை அமுக்கி உட்செலுத்தும் கருவி பூண்டது. இவ்வகை இயந்திரம் ஒரு பரிவலுவுக்கு மணிக்கு ஏறக்குறைய 0.65 இறாத்தல் பெற்றோலை உட்கொள்ளும். எனவே 1000 பரிவலுவுக்கு 650 இறாத்தல், அதாவது மணிக்குச் சுமார் 400 லீற்றர் வேண்டும். ஆயின் ஓட்டமோ ஒன்பது வினாடிகளில் முடிந்துவிடுகிறது. அவ்வளவு நேரத்திற் செலவாவது ஏறக்குறைய ஒரு லீற்றரே! ஒரு போத்தலில் அடங்கும் பெற்றோலுக்காக இவ்வளவு பெரிய பம்பி எதற்கு? அந்த ஒரு லீற்றர் வேண்டிய கணத்தில், வேண்டிய அமுக்கத்தில், குறைவின்றி வந்து சேரவேண்டும் என்பதற்காகவே.

வராவிட்டால் நேர்வது யாது? காற்று மிகுந்து எரிபொருள் குறைகிறது. வெப்பம் ஏறுகிறது. கலவை முறையாக எரியாமல் வெடிக்கத் தொடங்குகிறது. ஒரு வினாடிக்குள்ளேயே முசலங்கள் உருகிப்போகலாம்.

பம்பி வாங்கச் செல்பவர் முதலிற் பார்ப்பது அதன் மேலுறையிலுள்ள எண்ணை. மணிக்கு 255 லீற்றர் என்று குறித்த பம்பிகள் பெயர்பெற்றவை. அத்தகைய இரண்டைப் பொருத்தினால் 510 லீற்றர்; நமக்கு வேண்டியதோ 400 தான் என்று மனம் நிறைவடையும். இங்கேதான் பிழை நேர்கிறது. கிணற்று நீரை வாய்க்காலுக்கு இறைக்கும் பம்பி, அதே அளவு நீரை மேல்மாடித் தாங்கிக்கு ஏற்றுவதில்லை அல்லவா? எரிபொருட் பம்பியும் அப்படியே. மேலுறை எண் ஒரு குறித்த அமுக்கத்துக்கும் ஒரு குறித்த மின்னழுத்தத்துக்கும் உரியது.

நமது காரில் எரிபொருளின் அடிப்படை அமுக்கம் சதுர அங்குலத்துக்கு 43 இறாத்தல் எனக் கொள்வோம். இயந்திரத்தினுட் காற்று 30 இறாத்தல் அமுக்கத்தில் நுழையும்போது, அதை எதிர்த்துத் தெளிப்பதற்கு எரிபொருள் 73 இறாத்தலுக்கு உயரவேண்டும். அமுக்கம் உயர உயரப் பம்பி தரும் அளவு குறையும். மேலும், பந்தயக் கார்கள் பலவற்றில் மின்னாக்கி இல்லை; பற்றரி மட்டுமே உண்டு. ஓட்டத்தின் முடிவில், வலு உச்சத்தில் நிற்கும் வேளையில், பற்றரி தளர்ந்திருக்கும். 510 லீற்றர் என்று நம்பிய இரு பம்பிகளும் அக்கணத்தில் 400 லீற்றருக்குக் கீழே இறங்கிவிடக்கூடும்.

புறப்படும் கணத்திலும் ஒரு சோதனை உண்டு. பஸ் திடீரெனப் புறப்பட்டால் நிற்பவர் பின்னே சாய்கிறார். அதுபோலவே, பின்புறத் தாங்கியிலிருந்து முன்னே செல்லவேண்டிய பெற்றோலும் பின்னோக்கித் தள்ளப்படுகிறது. கார் புவியீர்ப்புக்குச் சமமான ஆர்முடுகலுடன் பாய்ந்தால், பத்தடிக் குழாயில் ஏறக்குறைய 3 இறாத்தல் அமுக்கம் இழக்கப்படும். அதன் இருமடங்கானால் 6 இறாத்தல். காபரேற்றர் பூண்ட பழைய முறைக் காருக்கு வேண்டிய முழு அமுக்கமே ஏழு இறாத்தல் அளவுதான்!

ஆகவே தெரிவுமுறை இதுதான். முதலில் வேண்டிய அளவைக் கணக்கிட்டு, அதனுடன் காற்பங்கைக் கூட்டுக. நமது காருக்கு இது 500 லீற்றர். அந்த 500 லீற்றரை 73 இறாத்தல் அமுக்கத்திலும், தளர்ந்த பற்றரியின் மின்னழுத்தத்திலும் தரும் பம்பியைத் தேடுக. எதனோல் 85 வீதம் கலந்த எரிபொருளாயின் அளவு மூன்றிலொரு பங்கு கூடும்; மெதனோலாயின் இருமடங்கைத் தாண்டும்.

மின்பம்பிகள் இரண்டு பூட்டுவதாயின், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே தடித்த கம்பியும் உருகியும் இருத்தல் வேண்டும். இரண்டையும் தொடக்கத்திலிருந்தே ஓடவிடுவது நன்று. பாதி வழியில் விழிக்கவேண்டிய இரண்டாவது பம்பி விழிக்காமற் போனால், இயந்திரம் அதற்காகக் காத்திராது. பம்பி தாங்கிக்கு அருகிலும் தாழ்வாகவும் இருக்கட்டும். அது தள்ளுவதில் வல்லது, உறிஞ்சுவதில் அன்று. அதற்கு முன்னே பருவடிகட்டியும் பின்னே நுண்வடிகட்டியும் வைக்கவேண்டும்.

மெதனோலும் அதனினும் பெரிய வலுவும் நாடுவோர், இயந்திரமே சுழற்றும் பொறிமுறைப் பம்பியை விரும்புகின்றனர். அது மின்சாரத்தை நம்புவதில்லை. இயந்திரம் விரைய அதுவும் விரைந்து ஊட்டும். இயந்திரத்தைத் தொடக்கும்போது மட்டும் சிறிது சோர்வுடையது. நைற்றோமெதேன் எரிக்கும் உயர்வகுப்புக் கார்களுக்கு இதுவே கதி. பெற்றோலின் ஒரு பங்குக்குக் காற்று 14.7 பங்கு வேண்டும், நைற்றோமெதேனுக்கோ 1.7 பங்கே போதும். அப்படியாயின், அங்கே பாயும் எரிபொருள் வெள்ளத்தை நீங்களே எண்ணிப் பாருங்கள்!

இறுதியாக ஒன்று. அமுக்கம் குறைந்தவுடன் இயந்திரத்தை நிறுத்தும் காவற் கருவியும், வண்டிக்கு வெளியே நின்று பம்பியின் மின்னைத் துண்டிக்கும் ஆளியும் இன்றியமையாதன. முன்னது இயந்திரத்தைக் காக்கும். பின்னது, விபத்திலே குழாய் உடைந்தால், தீக்கு எரிபொருள் ஊட்டாமல் ஓட்டுநரின் உயிரைக் காக்கும். மேலுறை எண்ணை நம்பிப் பம்பியைத் தெரியாதீர்கள். மிகக் கடுமையான கணத்தை எண்ணித் தெரியுங்கள்.