பெயரைச் சொல்லும் பாட்டு



நாற்று நடும்போது பாடுகிறோம். ஆலை வாசலில் கொடி ஏற்றும்போதும் பாடுகிறோம். "பாட்டினால் என்ன ஆகும்? கூலி உயருமா?" என்று கேட்கும் தோழர்களும் நம்மிடையே உண்டு. நியாயமான கேள்விதான். அதற்கு விடை தேடி, அமெரிக்க நாட்டுப் பாட்டுக்காரர் ஒருவரின் கதையை இன்று பேசுவோம். அவர் பெயர் உடி கத்ரி.

1912-ல் ஒக்லஹோமா மாநிலத்தில் ஓக்கிமா என்ற சிற்றூரில் பிறந்தார். அவர் சிறுவனாக இருக்கும்போதே குடும்பம் நொடித்தது. டெக்சாஸ் மாநிலத்துப் பாம்பா என்ற ஊருக்குப் போய், விளம்பரப் பலகை எழுதியும் பாடியும் பிழைத்தார். 1935 ஏப்ரல் 14 அன்று அந்த ஊரைக் கரும்புழுதிப் புயல் மூடியது, பகல் இரவாயிற்று. லாப வெறியில் புல்வெளிகளையெல்லாம் உழுது கிளறியிருந்தார்கள். மழை பொய்த்தது, மண் பறந்தது. ஆனால் கடன் பறக்கவில்லை! நிலம் இழந்த குடும்பங்கள் மூட்டை முடிச்சோடு கலிபோர்னியாவை நோக்கிப் புறப்பட்டன. உடி கத்ரியும் அதே பாதையில் போனார்.

அங்கே பழத்தோட்டங்கள் இருந்தன. ஆனால் ஒருவர் செய்யும் வேலைக்குப் பலர் கைநீட்டி நின்றார்கள். பண்ணை முதலாளி கூலியைக் குறைத்தான். கூலிகளின் கூடாரங்களுக்குப் போய் உடி கத்ரி பாடினார். லாஸ் ஏஞ்சல்ஸ் வானொலியிலும் பாடினார். 1939-ல் 'பீப்பிள்ஸ் வேர்ல்டு' என்ற கம்யூனிஸ்டுப் பத்திரிகையில் பத்தி எழுதினார். 1940-ல் புழுதிப் புயலில் வீடிழந்த மக்களின் கதையை இசைத்தட்டுகளாக வெளியிட்டார்.

அவர் பாட்டுக் கட்டிய விதத்தை நாம் கவனிக்க வேண்டும். மெட்டு பெரும்பாலும் ஜனங்களுக்குப் பழகிய பழைய மெட்டு. அதில் ஏறும் கதையோ புதிது. முதல் தடவை கேட்டவன் இரண்டாம் தடவை கூடவே பாடிவிடுவான்.

ஓர் உதாரணம் சொல்கிறோம். மிச்சிகன் மாநிலத்தில் காலுமெட் என்ற ஊர். 1913 ஜூலையில் தாமிரச் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்திய நாள், தங்கள் பிள்ளைகளுக்காக ஒரு மாடி மண்டபத்தில் விழா நடத்தினார்கள். திடீரென்று "தீ!" என்று ஒரு கூச்சல். தீ ஏதும் இல்லை. ஆனால் படிக்கட்டில் நெரிந்து 73 பேர் மாண்டார்கள். அவர்களில் 59 பேர் குழந்தைகள். கூவியவன் யார் என்பது இன்றுவரை நிரூபணமாகவில்லை. முதலாளிகளின் கையாள்தான் என்று தொழிலாளர் நம்பினார்கள். கம்யூனிஸ்டுத் தலைவி எல்லா ரீவ் புளூர் தம் வாழ்க்கை வரலாற்றில் இதை எழுதினார். அதைப் படித்து உடி கத்ரி பாட்டாக்கினார். எடுத்த எடுப்பில் அவர் கோபத்தைக் கொட்டவில்லை. முதலில் நம்மை அந்த விழாவுக்குள் அழைத்துப் போகிறார். அங்கே இருப்பவர்களோடு நாம் பழகிய பிறகே சாவு வருகிறது. அப்போது மாண்டது யாரோ அல்ல, நம் வீட்டுப் பிள்ளைகள்!

இன்னொரு பாட்டு, வயல் தோழர்களுக்கு நெருக்கமானது. 1948 ஜனவரி 28 அன்று கலிபோர்னியாவில் லாஸ் காட்டோஸ் பள்ளத்தாக்கில் ஒரு விமானம் எரிந்து விழுந்தது. 32 பேர் மாண்டார்கள். அவர்களில் 28 பேர் மெக்சிகோ நாட்டுப் பண்ணைக் கூலிகள். அறுவடைக்கு அவர்கள் தேவைப்பட்டார்கள். வேலை முடிந்ததும் நாடு கடத்தப்பட்டார்கள். உடி கத்ரி கண்ட செய்தியில் விமானிகளுக்கும் காவலருக்கும் பெயர் இருந்தது. அந்த 28 பேருக்கு மட்டும் பெயர் இல்லை. 'நாடு கடத்தப்படுவோர்' என்ற ஒரே சொல்தான். அவர்களை ஒரே குழியில் புதைத்தார்கள். கல்லிலும் பெயர் இல்லை.

பழம் பறித்த கைகளுக்குப் பெயர் கிடையாதா? இந்தக் கேள்வியே பாட்டாயிற்று. உண்மைப் பெயர்கள் தெரியாததால், தாமே பெயர்களைச் சூட்டி அவர்களுக்கு விடைகொடுத்தார் உடி கத்ரி. பத்தாண்டு கழித்து மார்ட்டின் ஹாஃப்மன் என்ற பள்ளி ஆசிரியர் அதற்கு மெட்டமைத்தார். அதற்குள் உடி கத்ரியை நரம்பு நோய் மருத்துவமனையில் கிடத்திவிட்டது, 1967-ல் காலமானார். பாட்டு மட்டும் வாய்விட்டு வாய் பரவி நடந்துகொண்டே இருந்தது. டிம் ஹெர்னாண்டஸ் என்ற எழுத்தாளர், பண்ணைக் கூலிகளின் குடும்பத்தில் பிறந்தவர், அந்தப் பெயர்களைத் தேடிப் புறப்பட்டார். 2013 செப்டம்பர் 2, அமெரிக்கத் தொழிலாளர் தினத்தன்று, ஃபிரெஸ்னோ நகர் இடுகாட்டில் புதுக் கல் நாட்டப்பட்டது. அதில் 28 பெயர்களும் செதுக்கப்பட்டிருந்தன. 65 ஆண்டுகளுக்குப் பிறகு!

தோழர்களே, கூலியைச் சங்கம்தான் உயர்த்தும்; பாட்டு உயர்த்தாது. ஆனால் 'கூலிகள் சிலர் மாண்டனர்' என்று ஒரு வரியில் முடித்த கணக்கை மீண்டும் திறக்க வைத்தது அந்தப் பாட்டு. ஆகவே, பாட்டுக் கட்டும் தோழர்களை நாம் கேட்டுக்கொள்வது இதுதான்: மெட்டு பழையதாகவே இருக்கட்டும். ஊரைச் சொல்லுங்கள், நாளைச் சொல்லுங்கள், கேட்ட கூலியையும் கொடுத்த கூலியையும் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, நம் மக்களின் பெயரைச் சொல்லிப் பாடுங்கள்!